வெர்னா வீட்டு எதிரணிக்காரன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவிடுக்கில் காற்று ஏறுகிறது, அந்தப் பழைய கோட்டைச் சுருட்டிக் கீழே செருகிவிடுங்கள். ஆயிற்றா? ஒரே வீட்டில், ஒரே மேசையில், இரண்டு கட்சிக்காரர்கள் ஒரு குளிர்காலம் முழுக்கச் சேர்ந்து சாப்பிட்ட கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொள்ள அவர்களுக்கு வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன.

எங்கள் ஊர் டார்ன்ஹோமில் கோதுமை அறுத்துக் கிடங்கேறியதும், பனித்தளத்தில் சறுக்கி ஆடுகிற ஜூனியர் ஹாக்கி தொடங்கிவிடும். அப்புறம் மார்ச்சில் பனி இளகும் வரை வேறு பேச்சே கிடையாது. கல்யாணத் தேதி வைப்பதானாலும் ஆட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் வைப்பார்கள். எங்கள் அணிக்கு பேட்ஜர்ஸ் என்று பேர். சட்டையின் மார்பில் ஒரு வளைக்கரடி இருக்கும். வரைந்தவர் வளைக்கரடியைக் கண்ணால் பார்த்ததில்லை போலிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பன்றி என்றுதான் சொல்வார்கள். அதிலும் பெக்ஸ்லி ஊர்க்காரர்கள் பன்றி மாதிரி உறுமியும் காட்டுவார்கள். பெக்ஸ்லி எங்களுக்குப் பக்கத்து ஊர், அரை மணி நேரத்துப் பாதை. நல்ல ரொட்டிக்கடை அங்கேதான் இருந்தது. ஆனாலும் நாங்கள் யாரும் அங்கே ரொட்டி வாங்கியதில்லை.

ஆட வருகிற பையன்களுக்குப் பதினேழிலிருந்து இருபது வயது இருக்கும். எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஊரில் அவர்களுக்கு வீடு ஏது? அதனால் வீட்டுக்கொரு பையனை நாங்களே எடுத்துக்கொள்வோம். படுக்கை, சாப்பாடு, துணி துவைப்பு, காய்ச்சலுக்குக் கஷாயம், காதலி விட்டுப்போனால் ஆறுதல், எல்லாம் அந்த வீட்டுக்காரி பாடு. வெர்னா ஹவ்ரிலாக் பதினைந்து வருஷமாக அப்படிப் பையன்களை வைத்திருந்தவள். பெற்ற பெண்கள் இருவரும் கல்கரிக்குப் போன பிறகு, அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பையன்கள் மாடிப்படியில் தடதடவென்று இறங்குகிற சத்தம்தான். அவள் புருஷன் ஒரெஸ்ட் பனித்தளத்தைப் பார்த்துக்கொள்பவர். விடியுமுன் எழுந்து போய், ஓரங்களைக் கையாலேயே செதுக்கி, ஐஸ் வண்டியை ஓட்டிச் சுடுநீர் பாய்ச்சி, கண்ணாடி மாதிரி ஆக்கி வைப்பார். அங்கே சிற்றுண்டி ஜன்னலில் உருளைக்கிழங்கு வறுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். ஆகவே இந்தக் கதையில் பாதி நான் பார்த்தது. மீதி, வெர்னா என் ஜன்னலில் சாய்ந்துகொண்டு சொன்னது.

அந்த வருஷம் வெர்னா வீட்டில் இருந்த பையன் எமில் லாவலே. எங்கள் கோல்கீப்பர். வடக்கே, மரம் அறுக்கிற ஆலை ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊரிலிருந்து வந்தவன். மூன்றாவது வருஷமாக அந்த வீட்டில் இருந்தான். முதல் நாளன்றே அவன் அம்மா போனில் அழுதபோது வெர்னா ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"ஒவ்வொரு சீசனும் முடியற வரைக்கும் உன் பிள்ளை என் மேசையில என் பிள்ளையா உக்காந்து சாப்பிடுவான். நீ அழாம தூங்கு."

இந்த வாக்குத்தான் கண்ணுகளா, அந்தக் குளிர்காலம் முழுக்க அவளைப் படுத்தி எடுத்தது.

ஜனவரியில் கிளப்புகள் தங்களுக்குள் பையன்களை மாற்றிக்கொள்கிற வாரம் வரும். அப்போது எங்கள் கிளப் தலைவர் க்ளென் ஸ்டாட்டர். டிராக்டர் விற்பவர், எதையும் பழசுக்குப் புதுசாக மாற்றிக்கொடுத்தே பழகிய மனிதர். அவர் எமிலைப் பெக்ஸ்லிக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுக்காக கோல் அடித்துக் குவித்த டாரெல் வீபை வாங்கிக்கொண்டார். அதற்கு மேல், சறுக்குக் காலணி சாணை பிடிக்கிற பழைய இயந்திரம் ஒன்றும் கிடைத்தது. ஊரெல்லாம் அந்த இயந்திரத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஏற்பாடு சுலபம். டாரெல் வந்து எமிலின் அறையில் இருப்பான். எமில், பெக்ஸ்லியில் டாரெல் இருந்த வீட்டுக்குப் போவான். வெர்னா அழுதுகொண்டே எமிலின் சாக்ஸை மடித்து வைத்தாள். வெளியே மூக்கு நுனி உறைகிற குளிர். எமில் பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கும்போது டாரெல் பைகளோடு ஏறினான். வாசற்படியில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

"நீதான் எமிலா? போன வாரம்தான் உனக்கு ரெண்டு கோல் போட்டேன்" என்றான் டாரெல், கை குலுக்கியபடி.

"ஒண்ணு. இன்னொண்ணு என் ஆளோட காலுல பட்டு உள்ள போச்சு."

"ஸ்கோர்ல அப்படி எழுதலையே."

"உள்ள வாங்கடா ரெண்டு பேரும், வீட்டுச் சூடெல்லாம் வெளிய போகுது!" என்று வெர்னா கத்தினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. பெக்ஸ்லி வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிட்டதாம். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர் நிரம்பி, அது உறைந்தும் போயிற்றாம். அங்கேயே ஒரு ஆட்டம் வைக்கலாம் போலிருக்கிறது என்று அந்த வீட்டுக்காரர் சொன்னாராம். பெக்ஸ்லியில் வேறு வீடு காலி இல்லை. "ஒரு வாரம் மட்டும் வெச்சுக்குவீங்களா?" என்று கேட்டார்களாம்.

"ஒரு வாரம் என்ன ஒரு வாரம்? அவன் சாக்ஸை மறுபடியும் பிரிச்சு அடுக்கிட்டேன், போங்க" என்று வெர்னா போனை வைத்துவிட்டாள்.

அறையில் இன்னொரு கட்டில் போட்டார்கள். காலையில் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து, ஒன்றாகக் கஞ்சி குடித்து, வாசலில் ஆளுக்கொரு திசையில் பிரிந்து போவார்கள். சாயங்காலம் வந்து, கீழ்த்தளத்தில் துணி உலர்த்துகிற இயந்திரத்தை கோல் ஆக வைத்துக்கொண்டு டாரெல் அடிப்பான், எமில் தடுப்பான். தடுக்காதது எல்லாம் இயந்திரத்தில் பட்டு அதன் முகம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. வெர்னா கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டாள். மாடிக்குக் கேட்கிற சத்தம் முன்பைவிட இரண்டு மடங்கு ஆகிவிட்டதில் அவளுக்கு உள்ளூர சந்தோஷம்.

ஒரெஸ்ட் மட்டும் எமிலோடு பேச்சை நிறுத்திவிட்டார். பையன்மேல் தப்பில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் பெக்ஸ்லி சட்டை போட்டவனோடு பேசுவதில்லை என்பது அவர் இருபது வயதில் எடுத்த முடிவு. அதை எப்படி மாற்றுவது?

"டாரெல், அந்தப் பையன்கிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார்.

எமில் உப்பைத் தள்ளுவான்.

"டாரெல், தேங்க்ஸ்னு சொல்லிடு."

"நானா சார்? அவன் காதுல விழுந்துடுச்சே."

"சொன்னதைச் செய்டா."

"எமில், தேங்க்ஸாம்."

"பரவாயில்லைன்னு சொல்லிடு" என்பான் எமில், தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. ஆனால் அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் விடியுமுன் ஒரெஸ்டோடு கூடவே பனித்தளத்துக்குப் போய் ஓரம் செதுக்கிக் கொடுத்தவன் அவன். இப்போது அவர் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டதும் கட்டிலில் விழித்துப் படுத்திருப்பான் என்று டாரெல்தான் வெர்னாவிடம் சொன்னான்.

குழாய் வெடித்த வீடு பிப்ரவரியிலும் சரியாகவில்லை. மார்ச்சில் வெளியேற்றுச் சுற்று வந்தது. டார்ன்ஹோமுக்கு எதிராக யார்? பெக்ஸ்லிதான். ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தவர்கள் மேலே போகலாம்.

அப்போதுதான் ஊருக்குத் திடீரென்று உறைத்தது, எதிரி கோல்கீப்பர் நம் ஊர்ச் சாப்பாட்டில் வளர்கிறான் என்று. ஐந்தாவது ஆட்டம் முடிந்தபோது நாங்கள் மூன்றுக்கு இரண்டு முன்னால் இருந்தோம். இன்னும் ஒன்று போதும். மறுநாள் காலை க்ளென் வெர்னாவின் சமையலறைக்கு வந்தார். அவள் பெரோகி பிடித்துக்கொண்டிருந்தாள். மாவை வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் வைத்து, ஓரத்தை விரலால் கிள்ளிக் கிள்ளி மூடி வரிசையாக அடுக்குகிற வேலை. நானும் கூட உட்கார்ந்து கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"யாருக்கு இவ்வளவு?" என்றார் க்ளென்.

"ரெண்டு பேருக்கும்தான். ஆட்டத்தன்னிக்கு மத்தியானம் இதுதானே சாப்பிடுவானுங்க."

"வெர்னா, நாம ஒண்ணா ஸ்கூலுக்குப் போனவங்க. அதனால பச்சையாச் சொல்றேன். அவனுக்கு ரொட்டியும் ஜாமும் கொடு. டாரெலுக்கு மட்டும் இது."

"ஒரே மேசையில ஒருத்தனுக்குப் பெரோகி, ஒருத்தனுக்கு ஜாமா? என்னை என்னன்னு நெனச்சே க்ளென்?"

"ஊருக்காக."

"அவன் அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அவங்க அம்மாவா வந்து நமக்கு கோல் போடப் போறாங்க?"

"ஒழுங்கா இருந்திருந்தா கோல்கீப்பரை ஒரு சாணைக்கல்லுக்கு வித்திருக்க மாட்டே" என்றேன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"ஹில்டாக்கா, அது சாணைக்கல் இல்ல, மெஷின்!" என்று க்ளென் முகம் சிவந்து எழுந்தார். "சரி. சாப்பாட்டுல கை வைக்கலை. ஆனா ஆறாவது ஆட்டம் நாம தோத்தோம்னா, அடுத்த வருஷம் இந்த வீட்டுக்குப் பையன் கிடையாது. கமிட்டி சார்பா சொல்றேன்."

அவர் போனபின் வெர்னா ஒரு பெரோகியை இரண்டு முறை கிள்ளினாள், மூன்று முறை கிள்ளினாள், அது பிய்ந்தே போயிற்று. "பையன் இல்லாத வீட்டுல நானும் ஒரெஸ்டும் என்ன பண்றது, ஹில்டாக்கா? ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான். அந்த மூஞ்சியை முப்பத்தெட்டு வருஷம் பாத்தாச்சே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டில் கை வைக்க முடியாது என்றதும் க்ளென் தூக்கத்தில் கை வைத்தார். ஆட்ட நாளன்று மத்தியானம் சாப்பிட்டதும் ஆட்டக்காரன் இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தத் தூக்கத்துக்குக் கோயில் பூசைக்குள்ள மரியாதை உண்டு. அந்த நேரத்தில் தெருவில் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள், நாயைக்கூட உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை ஆறாவது ஆட்டம். பையன்கள் சாப்பிட்டுப் படுத்த கொஞ்ச நேரத்தில், வெர்னாவின் தெருவில் அத்தனை ஆம்பிளைகளும் பனி தள்ளும் இயந்திரத்தோடு வந்து நின்றார்கள். மூன்று நாளாகப் பனியே விழவில்லை. சிமெண்டு பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் இயந்திரத்தை முடுக்கிவிட்டார்கள். க்ளென் நடுவில் நின்று, இல்லாத பனியைப் பக்கத்து வீட்டு வேலிமேல் வாரி இறைப்பது போல முன்னும் பின்னும் நடந்தார்.

வெர்னா கரண்டியோடு ஓடி வந்தாள். "க்ளென்! என்ன பண்றே?"

"பாதையைச் சுத்தம் பண்றோம்!"

"எந்தப் பாதையை? ரெண்டு பேரும் தூங்கறானுங்கய்யா!"

"தெரியும்!" என்று கத்தினார் க்ளென், பெருமையாக. அப்புறம் கையை இயந்திரத்திலிருந்து எடுத்தார். "ரெண்டு பேருமா?"

மாடி ஜன்னல் திறந்தது. டாரெல் தலையை நீட்டினான். தலைமுடி குத்திட்டு நின்றது, கண் ரத்தச் சிவப்பு.

"யாரு பெத்த பிள்ளைங்கடா நீங்க! மனுஷன் தூங்கறதா வேண்டாமா?"

க்ளென் கையை ஆட்டி நிறுத்தச் சொல்லி ஒவ்வொருவராக அடக்குவதற்குள் தூங்கும் நேரம் போய்விட்டது. எமில் எழுந்து வரவே இல்லை. வெர்னா போய் உலுக்கிய பிறகுதான் கண்ணைத் திறந்து, கைகால் நீட்டி, குழந்தை மாதிரி சிரித்தானாம்.

"வெர்னாம்மா, மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன். எங்க வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மரம் அறுக்கற வாள் ஓடிக்கிட்டே இருக்கும். இந்த ஊரு ரொம்ப அமைதி, தூக்கமே வராது. யாரு இன்னிக்கு இவ்வளவு நல்ல மனசு பண்ணினது?"

அன்று இரவு எமில், பந்துக்குப் பதிலாக அடிக்கிற அந்த ரப்பர் வில்லையை ஒரு தடவைகூட உள்ளே விடவில்லை. டாரெல் பனித்தளத்தில் கொட்டாவி விட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். மூன்றுக்கு மூன்று ஆயிற்று. ஏழாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் ஊரில்.

சனிக்கிழமை க்ளென் பனித்தளத்துக்கு வந்தார். நான் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெக்ஸ்லி கோல் முன்னால் மட்டும் பனியைக் கொஞ்சம் கரடுமுரடாக விட்டுவைக்க முடியுமா என்று ஒரெஸ்டிடம் கேட்டார். ஒரெஸ்ட் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. "என் ஐஸ்ல யாராவது ஒருத்தன் தடுக்கி விழுந்தா, நான் தூக்குல தொங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஒரு சுற்றுப் போய் மறுபடியும் அருகில் வந்தபோது, "ஒதுங்கு, பூட்ஸ்ல மண்ணு" என்றார். க்ளென் ஒதுங்கினார். "ஆறாவது ஆட்டமும் தோத்தாச்சு, இனி ஒரே வழிதான் ஒரெஸ்ட். நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் அந்தப் பையன் உங்க வீட்டை விட்டுப் போகணும். நானே வந்து கூட்டிட்டுப் போறேன். இல்லைன்னா அடுத்த வருஷம் உங்களுக்கு யாரும் கிடையாது" என்றார். ஒரெஸ்ட் வண்டியை அடுத்த சுற்றுக்குத் திருப்பினார். வெர்னாவிடம் அவர் இதைப் போய்ச் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவள் மறுநாளைக்கு வெங்காயம் நறுக்கினாள். வெங்காயத்துக்கு அழுகிறாளா வேறெதற்கா என்று யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து ஊரே பனித்தளத்தில். எனக்கு வறுத்துப் போடக் கை போதவில்லை. வெர்னா ஆட்டத்தைப் பார்க்கவில்லை. என் ஜன்னலுக்குள்ளே வந்து, சட்டிக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். இரண்டுக்கு இரண்டு சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. முதல் கோல் யார் போட்டாலும் முடிந்தது.

"வில்லை யார்கிட்ட இருக்கு?" என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

"டாரெல்கிட்ட."

"ஐயோ."

"தனியா வர்றான். முன்னால யாரும் இல்ல. எமில் மட்டும்தான்."

"ஐயோ!"

"எந்த ஐயோ யாருக்குடி?"

"ரெண்டும் ரெண்டு பேருக்கும்தான்! என்ன ஆச்சு, சொல்லுங்க!"

டாரெல் இடது பக்கம் போகிற மாதிரி தோளைச் சாய்த்து வலது பக்கம் இழுத்தான். மூன்று மாதம் கீழ்த்தளத்தில் அதையே பார்த்தவன் எமில். அசையவே இல்லை, காலை மட்டும் நீட்டினான். வில்லை அவன் காலில் பட்டுத் தெறித்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் கோல் என்று நினைத்துக் கையைத் தூக்கியபடி நின்றார்கள். அந்த நேரத்தில் பெக்ஸ்லிக்காரன் ஒருவன் வில்லையை எடுத்துக்கொண்டு போய், யாருமில்லாத பக்கம் நடந்து போகிறவன் மாதிரிப் போய், போட்டுவிட்டான்.

அப்படி ஒரு அமைதியை நான் அந்தக் கூரைக்குக் கீழே கேட்டதில்லை. சட்டியில் எண்ணெய் கொதிப்பது மட்டும் கேட்டது.

வழக்கப்படி இரண்டு அணியும் வரிசையில் நின்று கை குலுக்கினார்கள். டாரெல் எமிலின் முகமூடிக் கம்பிக்குள் விரலை விட்டு மூக்கைத் திருகினான். "இனிமே கீழ்த்தளத்துல உனக்கு ஒரு அடி கிடையாதுடா" என்றானாம். கண்ணெல்லாம் நீர். எமிலுக்கும்தான்.

வெர்னா வீட்டுக்குப் போய் மேசை போட்டாள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். தனியாக இருக்கப் பயம். பையன்கள் குளித்து, ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார்கள். எமில் தன் பைகளை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். க்ளென் சொன்னது அணிக்குள் பரவி, டாரெல் அவனுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தான்.

"என்னால உங்களுக்குப் பிள்ளைங்க வராம போயிடக்கூடாது வெர்னாம்மா. பெக்ஸ்லியில லாட்ஜ் இருக்கு."

"சாப்பிடு முதல்ல" என்றாள் வெர்னா.

ஒரெஸ்ட் கடைசியாக வந்தார். பூட்ஸைக் கழற்றி, கை கழுவி, தன் நாற்காலியில் உட்கார்ந்தார். வெண்ணெயில் வதக்கிய வெங்காயம் மணத்தது. அப்போது கதவு தட்டப்பட்டது. க்ளென். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, பைகளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"நல்லது, பை தயாரா இருக்கு போல" என்றார். "வெர்னா, நான் சொன்ன மாதிரி..."

"எமில்" என்றார் ஒரெஸ்ட்.

வெர்னாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. டாரெல் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எமில், தன்னைத்தான் கூப்பிட்டாரா என்று தெரியாமல் விழித்தான்.

"உன்னைத்தாண்டா. என்ன பாக்கறே? வீட்டுக்கு ஆள் வந்து நிக்கறது தெரியல? க்ளெனுக்கு ஒரு தட்டு எடுத்துட்டு வா. பெரிய தட்டா எடு."

எமில் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. தட்டு எந்த அலமாரியில் என்று மூன்று வருஷமாகத் தெரிந்தவன், அன்று இரண்டு அலமாரியைத் தவறாகத் திறந்தான். தட்டைக் கொண்டுவந்து க்ளென் முன்னால் வைத்து, பெரோகியை அள்ளிப் போட்டு, வெங்காயத்தையும் புளித்த கிரீமையும் மேலே ஊற்றினான்.

எந்த வீட்டிலிருந்து ஒரு பையனைத் துரத்த வந்தாரோ, அந்த வீட்டில் அந்தப் பையன் கையாலேயே பரிமாறிய தட்டு முன்னால் இருக்கும்போது ஒரு மனிதர் என்ன செய்வார்? நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கோட்டைக் கழற்றினார்.

"ரெண்டு போதும்" என்றார்.

எட்டு சாப்பிட்டார். எட்டாவதை முழுங்கிவிட்டு எமிலை நிமிர்ந்து பார்த்தார். "டேய், அந்தக் காலை எப்படிடா நீட்டினே? அவன் வலது பக்கம்தான் வருவான்னு எப்படித் தெரியும்?"

"சொல்லாதே!" என்று கத்தினான் டாரெல்.

"அடுத்த சுற்று எப்போ?" என்றார் க்ளென், யாரையும் பார்க்காமல்.

"வெள்ளிக்கிழமை, பெக்ஸ்லியில" என்றார் ஒரெஸ்ட். "என் வண்டியில ஒரு இடம் இருக்கு. ஆனா பெக்ஸ்லிக்குக் கை தட்ட மாட்டேன். பையனுக்கு மட்டும்தான் தட்டுவேன்."

"நானும் அப்படித்தான்" என்றார் க்ளென். "அவன் நம்ம ஊர்ல வளர்ந்த பையன், அதை அவங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லணுமில்ல?"

வெர்னா எழுந்து போய், வாசலில் இருந்த பைகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். உதவ எழுந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு மேசையும் எப்போதும் ஒரு ஆள் கூட வந்தால் நகர்ந்து உட்கார இடமுள்ள மேசையாக இருக்கட்டும். உங்கள் குழாய்கள் எந்தக் குளிரிலும் வெடிக்காமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு எங்கே ஆடப் போனாலும், சாப்பாட்டு நேரத்துக்கு யாராவது ஒருவர் பேர் சொல்லி அவர்களைக் கூப்பிடட்டும்.